சிம்முக்குள் தேங்கும் குறுஞ்செய்தி: கணினி அதை எப்படி எடுக்கிறது?

தோட்டத்து மோட்டாரைச் செல்பேசி வழியே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஜிஎஸ்எம் மோடமும் ஒரு சிம்மும் இருக்கும். அதே வகை மோடத்தை யுஎஸ்பி கம்பியால் கணினியிலும் இணைக்கலாம். வரும் குறுஞ்செய்திகள் சிம்மிலோ மோடத்தின் நினைவகத்திலோ சேரும். அவற்றைக் கணினிக்கு எடுத்துத் தருவதற்கென்றே சில லைப்ரரிகள் உண்டு. சி மொழியில் எழுதப்பட்டு, பைதானிலிருந்தும் அழைக்க முடிகிற ‘கம்மு’ அவற்றில் பழையது, இலவசமானது.

லைப்ரரி எதுவானாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஏடி கட்டளைகள்தான். தொலைபேசிக் கம்பி மோடங்களுக்காக அமெரிக்காவின் ஹேஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த முறை, இன்றும் சாகவில்லை. ‘ஏடி+சிஎம்ஜிஎல்’ என்று அனுப்பினால் மோடம் தன்னிடமுள்ள செய்திகளை வரிசையாகக் கொட்டிவிடும்.

சில சமயம் எதையும் கொட்டாது. செய்தி வந்தது நிச்சயம். நிரலோ பெட்டி காலி என்கிறது. புதிதாக இறங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வரும் செய்தியை மோடம் தன் நினைவகத்தில் போட்டிருக்கும், நிரல் சிம்மில் தேடிக்கொண்டிருக்கும். எந்த இடத்திலிருந்து படிப்பது, வருவதை எந்த இடத்தில் வைப்பது என்பதை ‘ஏடி+சிபிஎம்எஸ்’ கட்டளையால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், நீளம். ஒரு குறுஞ்செய்தியின் உடல் 140 பைட்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட். ஆக 70 இடம். அதிலும் உயிர்மெய்க் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம் போகிறது. ‘கோயம்புத்தூர்’ கண்ணுக்கு 7 எழுத்து, கணக்கில் 13.

70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் பொது எண், மொத்தத் துண்டுகள், இது எத்தனையாவது என்ற விவரம் ஏறுவதால், துண்டுக்கு 67 இடமே மிஞ்சும். மெய்யெழுத்து ஒரு துண்டிலும் அதன் கொம்போ காலோ அடுத்த துண்டிலுமாகப் போவதும் உண்டு. துண்டுகளை ஒட்டாமல் காட்டினால், இரண்டாவது துண்டு ஒரு புள்ளி வட்டத்தோடு அநாதையாகத் தொடங்கும். ஒட்டும் வேலையை கம்முவில் ‘லிங்க்எஸ்எம்எஸ்’ செய்கிறது. லைப்ரரியின் உண்மையான பயன் இந்த வேலையில்தான் என்பேன். வெறும் கட்டளை அனுப்ப நாலு வரி நிரல் போதும். ஒட்டும் நிரலை நாமே எழுதுவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொது எண் பெரும்பாலும் ஒரே பைட், 0 முதல் 255 வரை. சுற்றி வந்து திரும்பவும் வரும். அதனால் அனுப்பியவர் எண்ணையும் சேர்த்துப் பார்த்தே ஒட்ட வேண்டும்.

செய்தி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து எது முன், எது பின் என்று முடிவு கட்டுவதும் தவறு. அழித்த இடத்தில் புதிய செய்தி வந்து அமரும். வரிசைக்கு நம்ப வேண்டியது, செய்தியை வாங்கி அனுப்பிவைக்கும் செல்பேசி நிறுவனத்தின் செய்தி மையம் பதித்த நேரத்தை. அதில் நேர மண்டலம் கால் மணிக் கணக்கில் இருக்கும். இந்திய நேரத்துக்கு 22.

படித்தாலே ‘படிக்காதது’ என்ற அடையாளம் ‘படித்தது’ என மாறிவிடும். படித்த கையோடு நிரல் நின்றுபோனால், அடுத்த முறை புதியதை மட்டும் கேட்கும்போது அந்தச் செய்தி வராது. படித்தும் அழிக்காமல் விட்டால் வேறு தொல்லை. பல சிம்களில் சில பத்துச் செய்திகளுக்கே இடம். நிரம்பிய பிறகு வருபவை செய்தி மையத்தில் காத்திருக்கும். கெடு முடிந்தால் போயே போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் கேளுங்கள், தரவுத்தளத்தில் எழுதுங்கள், எழுதியது உறுதியான பின்பு மட்டும் சிம்மில் அழியுங்கள்.

இன்னொன்று: சோதனைக்கு ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று அனுப்பிவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். 70 இடத்தைத் தாண்டும் தமிழ்ச் செய்தி ஒன்றை அனுப்புங்கள். அது உடையாமல் வந்தால் அந்த லைப்ரரியை எடுத்துக்கொள்ளலாம்.