அன்றாட வாழ்வில் பொறுமையும் பரிவும்



அதிகாலையில் அரக்கோணம் ரயில் நிலையத்தைப் பார்த்தாலே நம் மக்களின் வாழ்க்கை புரியும். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்பவர்கள் மின்சார ரயிலில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் சகோதரிகள் விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மாலையில் எல்லோரும் களைத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் அப்போது மனைவி மீதும், கணவர் மீதும், படிக்காத பிள்ளை மீதும், மருந்து கேட்கும் மாமியார் மீதும் பாய்கிறது. நம் விசுவாசம் உண்மையில் சோதிக்கப்படுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

திருத்தூதர் பவுல் அன்பின் பண்புகளை வரிசைப்படுத்தும்போது, பொறுமையை முதலாவதாகவும் பரிவை அடுத்ததாகவும் வைக்கிறார் (1 கொரி 13:4). அவர் எழுதிய கிரேக்க மொழியில் இவை இரண்டும் வினைச்சொற்கள். அன்பு எப்படி இருக்கிறது என்று சொல்வதைவிட, அன்பு என்ன செய்கிறது என்றே அவர் கூறுகிறார். பொறுமையைக் குறிக்க அவர் பயன்படுத்தும் சொல், கோபம் மூள நீண்ட நேரம் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும். அப்படிக் கிடைக்கும் நேரத்தில் நன்மை செய்வதே பரிவு. ஆகவே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பது பொறுமை ஆகாது. அதில் கோபம் அடங்கியிருக்கிறது; அன்பு இல்லை.

இதை வாழ்ந்து காட்டிய ஒரு புனிதர் நம் மறைமாவட்டத்திற்கு அந்நியர் அல்லர். 1952-ல் உருவான வேலூர் மறைமாவட்டத்தில் சலேசியத் துறவியர் நீண்டகாலமாகப் பணியாற்றி வருகின்றனர். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியை 1951-ல் தொடங்கியவர்களும் அவர்களே. 1859-ல் இச்சபையை நிறுவிய புனித தொன் போஸ்கோ, ஜெனீவா நகர ஆயரான புனித பிரான்சிஸ் சலேசியாரைப் பாதுகாவலராகத் தேர்ந்துகொண்டார். ஏழைச் சிறுவர்களை அடியால் அல்ல, கனிவால்தான் வெல்ல முடியும் என்று அவர் நம்பியதே இதற்குக் காரணம்.

பிரான்சிஸ் சலேசியார் (1567-1622) இயல்பில் கோபக்காரர் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பல ஆண்டுகள் முயன்று, செபித்து, அவர் சாந்தம் உள்ளவரானார். பிறவியிலேயே காது கேளாத மார்ட்டின் என்ற இளைஞரைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு, சைகைகளாலேயே மறைக்கல்வி கற்பித்து, நற்கருணை பெறத் தயாரித்தார். எத்தனை முறை ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பார்! சொன்னதையே இரண்டாம் முறை சொல்ல நமக்குச் சலிப்பு வருகிறதே என்று எண்ணிப் பார்ப்போம்.

1609-ல் வெளிவந்த தமது நூலில் அவர் இல்லறத்தாருக்கும் தொழில் செய்வோருக்கும் பக்தி வாழ்வின் வழியைக் காட்டினார். அதிலிருந்து மூன்று பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

1. கோபத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும். நியாயமான கோபம்தானே என்று உள்ளே விட்டால், அது வீட்டு எஜமானாகிவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு நொடி நின்று, சிலுவை அடையாளம் வரைந்து செல்வது நல்ல பழக்கம்.

2. சிறிய புண்ணியங்களைத் தேட வேண்டும். பெரிய தியாகத்துக்கான வாய்ப்பு எப்போதோ ஒருமுறைதான் வரும். ரயிலில் கர்ப்பிணிக்கு இடம் தருவது, முதியவர் சொல்லும் பழைய கதையை மறுபடியும் கேட்பது, பிழை செய்த பிள்ளையிடம் முதலில் காரணம் கேட்பது ஆகியவை நாள்தோறும் வரும் வாய்ப்புகள்.

3. நம்மிடமும் பொறுமை வேண்டும். தவறி விழுந்துவிட்டால், நம்மையே வெறுத்துச் சோர்ந்துவிடாமல், மன்னிப்புக் கேட்டு மீண்டும் தொடங்க வேண்டும். பொறுமையும் பரிவும் தூய ஆவியாரின் கனிகள் (கலா 5:22). கனி ஒரே நாளில் பழுப்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுமை என்பது அநீதிக்குத் தலைகுனிவது அன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைச் "சகித்துக்கொள்" என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவதும், உழைத்த கூலி கிடைக்காத தொழிலாளியை வாய்மூடச் சொல்வதும் நற்செய்தி ஆகாது. தலைமைக் குருவின் முன் காவலர் ஒருவர் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. தாம் பேசியதில் என்ன தவறு என்று கேட்டார் (யோவா 18:22-23). தீமையைத் தீமை என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்க வேண்டும். ஆனாலும், தீமை செய்தவர்மேல் வெறுப்பு கொள்ளக் கூடாது. இதுவே கிறிஸ்தவப் பொறுமை.

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் முன்னோர் வாக்கு. திருவள்ளுவரும் இனியவை கூறலுக்கும் பொறையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். கிறிஸ்தவர்களாகிய நமக்கோ இன்னும் ஒரு காரணம் உண்டு: நம் குறைகளோடு கடவுள் ஒவ்வொரு நாளும் பொறுமையாக இருக்கிறார். ஒப்புரவு அருள்சாதனத்தில் நாம் பெறும் அந்த இரக்கத்தைத்தான் வீட்டிலும் வேலையிலும் பிறருக்குக் கொடுக்கிறோம்.

சாந்தமும் மனத்தாழ்மையும் உள்ள இயேசுவின் திரு இருதயமே, எங்கள் இருதயத்தை உமது இருதயத்திற்கு ஒத்ததாக்கியருளும். ஆமென்.