கயா ராம்... ஆயா ராம்!

ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போவதென்றால் நமக்கு எத்தனை பாடு! ராஜினாமா கடிதம், ஒரு மாச நோட்டீஸ், பி.எஃப். கணக்கு, பிரிவுபசார டீ பார்ட்டி... ஆனால், ஒரு மனுஷர் பதினைந்தே நாளில் மூன்று தடவை கட்சி மாறினார். நோட்டீஸாவது, டீயாவது!

பெயர் கயாலால். ஊர், டெல்லிக்குத் தெற்கே ஹரியானாவில் ஹஸன்பூர் தொகுதி.

1966 நவம்பரில்தான் ஹரியானா தனி மாநிலமாகப் பிறந்தது. 1967ல் முதல் தேர்தல். மொத்தம் 81 இடம், காங்கிரஸுக்கு 48. ஹஸன்பூரில் சுயேச்சையாக நின்ற கயாலால், காங்கிரஸ் வேட்பாளரைச் சில நூறு ஓட்டில் தோற்கடித்தார். ஜெயித்த கையோடு எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமோ? காங்கிரஸில்!

அப்புறம்தான் கூத்து. முதல்வர் பகவத் தயாள் சர்மாவின் ஆட்களே கட்சியை உடைக்க, இரண்டே வாரத்தில் ஆட்சி காலி. சபாநாயகராக இருந்த ராவ் பீரேந்தர் சிங் எதிரணிக்குத் தலைவராகி முதல்வரும் ஆனார். இந்த அமளியில் நம்ம கயாலால் காங்கிரஸிலிருந்து எதிரணிக்குப் போனார். திரும்பக் காங்கிரஸுக்கு வந்தார். ஒன்பதே மணி நேரத்தில் மறுபடி எதிரணி! காலையில் ஆபீஸ் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற நேரம்தான் சார்!

அவரைச் சண்டிகரில் நிருபர்கள் முன் நிறுத்திய ராவ் பீரேந்தர் சிங், 'கயா ராம் இப்போது ஆயா ராம்' என்று அறிவித்தார். இந்தியில் 'ஆயா' என்றால் வந்தார் (நம்மூர் ஆயா இல்லை), 'கயா' என்றால் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம், நாடு முழுக்கக் கட்சி தாவுகிறவர்களுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

தாவித் தாவி என்ன லாபம்? ராவ் பீரேந்தர் சிங் ஆட்சியும் அதே நவம்பரில் போச்சு. ஜனாதிபதி ஆட்சி வந்தது. கயாலால் 1972ல் ஆரிய சபா சார்பில் நின்று தோற்றார். 1974ல் சரண்சிங்கின் லோக்தளத்தில் சேர்ந்தார். 1977 ஜனதா அலையில் மறுபடி ஜெயித்தார். 1982ல் பழையபடி சுயேச்சை; தோல்வி. கடைசியில் கையில் நின்றது இரண்டே வெற்றி. 2009ல் காலமானார். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒன்பது மணி நேரம்கூடத் தங்காத காங்கிரஸுக்கு 2022ல் மாநிலத் தலைவர் ஆனவர், அவருடைய மகன் உதய் பான்!

பாவம், கயாலால் சில்லறை வியாபாரி. மொத்த வியாபாரி அதே மாநிலத்தில் பின்னால் வந்தார். 1980ல் இந்திரா காந்தி மறுபடி பிரதமரானதும், ஜனதா முதல்வராக இருந்த பஜன்லால் தன் எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோரை அள்ளிக்கொண்டு காங்கிரஸில் ஐக்கியமானார். நாற்காலி அப்படியே, கொடி மட்டும் வேற!

1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு சந்து. மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து உடைத்தால் தாவல் இல்லையாம், 'பிளவு'! 2003ல் அந்தச் சந்தை அடைத்தார்கள். ஆனாலும், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போனால் அது 'இணைப்பு'. தனியாகத் தாவினால் பதவி போகும். கும்பலாகத் தாவினால் மாலை விழும்.

கயாலாலைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஹஸன்பூரில் வரிசையில் நின்று, காங்கிரஸ் வேண்டாமென்று அவருக்குக் குத்தினானே ஓட்டு, அவனை நினைத்துப் பாருங்கள். விரலில் வைத்த மை அழிவதற்குள் அவன் ஓட்டு எத்தனை வீடு மாறிவிட்டது!