புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

ஆபீஸில் லினக்ஸ், வீட்டில் மேக், வாடகைக்கு ஒரு சர்வர். ஒன்றில் ‘எல்எல்’ என்று அடித்தால் கோப்புப் பட்டியல் விரிகிறது; அடுத்ததில் அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறது. இதுதானே தொல்லை? டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், ‘எல்எல்’ மாதிரிச் சுருக்கப் பெயர்கள் உட்படத் தன் பழக்கவழக்கங்களை உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் கோப்புகளில் வைத்திருக்கிறது. பேஷ் என்றால் .பேஷ்ஆர்சி, இசட்ஷெல் என்றால் .இசட்எஸ்எச்ஆர்சி. எல்எஸ் அடித்தால் இவை கண்ணில் படாது. யாரும் யோசித்துக் கொடுத்த வசதியில்லை இது. பட்டியலில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வராமலிருக்க அந்தக் கால யூனிக்ஸில் யாரோ குறுக்குவழியில் எழுதிய வரி, புள்ளி வைத்த எல்லாவற்றையும் மறைத்துவிட்டது என்கிறார் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக்.

இந்தக் கோப்புகளை ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, கிட்டில் போடுங்கள். பழைய இடத்தில் சிம்லிங்க் மட்டும் இருக்கட்டும். ஷெல் வழக்கமான இடத்தில்தான் தேடும், லிங்க் அதை உங்கள் ஃபோல்டருக்குக் கூட்டிப்போகும். புதுக் கணினியில் கிட் குளோன், லிங்க், அவ்வளவுதான். இரண்டு மூன்று கணினிக்கு இது தாராளம். அதற்குமேல் போனால் இந்தக் கோப்புகளைப் பராமரிக்கும் ஷேமுவா மாதிரிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் இனிமேல்தான். எல்லாக் கணினியிலும் அச்சு அசலாக ஒரே கோப்பு என்று பிடிவாதம் பிடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2019-இல் வந்த கேடலினா பதிப்பிலிருந்து மேக்கில் புதுப் பயனருக்கு இசட்ஷெல்தான் கிடைக்கிறது. கூடவே வரும் பேஷ் இன்னும் 3.2-லேயே நிற்கிறது. எல்எஸ்ஸுக்கு நிறம் வேண்டுமென்றால் லினக்ஸில் ‘கலர்’ என்று சொல்ல வேண்டும், மேக்கில் மைனஸ் கேபிடல் ஜி. ஹோம்ப்ரூகூட இன்டெல் மேக்கில் ஓரிடத்தில் இருக்கும், ஆப்பிள் சிப்பில் வேறிடத்தில். ஆகவே பொதுக் கோப்பில், இது எந்தக் கணினி என்று சொல்லும் யூநேம் கட்டளையைக் கேட்டுப் பிரியுங்கள்: லினக்ஸ் என்றால் ஒரு வழி, டார்வின் (அதாவது மேக்) என்றால் இன்னொரு வழி. அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியவை தனி லோக்கல் கோப்பில் போகட்டும். அது இருந்தால் படி என்று பொதுக் கோப்பின் கடைசி வரியில் சொன்னால் போதும். ஏபிஐ சாவிகளும் அதிலேதான். கிட்டில் ஒருமுறை ஏறிய சாவியைப் பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும்.

‘எல்லாம் சரியாக வைத்தேன், சர்வரில் எஸ்எஸ்எச் போனால் ஒன்றுமே வரவில்லை’ என்று கேட்காத ஆளில்லை. எஸ்எஸ்எச்சில் நுழைந்தால் அது லாகின் ஷெல். பேஷ் அப்போது .பேஷ்_ப்ரொஃபைலைத்தான் படிக்கும், .பேஷ்ஆர்சியைத் தானாகத் தொடாது. ப்ரொஃபைலில் ஒரே வரி எழுதி ஆர்சியைக் கூப்பிட வேண்டும். ஆர்சியின் தலையில், ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே திரும்பு என்று ஒரு சோதனை வையுங்கள். அது இல்லாமல் ‘வணக்கம்’ என்று எக்கோ போட்டுவைத்தால் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி அந்த வணக்கத்தையும் எதிர்முனையின் பதிலாக நினைத்துக் குழம்பி நின்றுவிடும்.

ஹிஸ்டரி கோப்பை மட்டும் கிட்டில் ஏற்றிவிடாதீர்கள். அவசரத்தில் கட்டளை வரியிலேயே தட்டிய பாஸ்வேர்டுகள் அதில்தான் இருக்கும்.