பிணக்கணக்கும் படைக்கணக்கும்

1970 நவம்பரில் வங்கக் கடல் பொங்கிற்று. போலா தீவும் அக்கம்பக்கமும் பிணக்காடாயின! மாண்டோர் மூன்று லட்சம் என்பார், ஐந்து லட்சம் என்பார். ஏழையின் பிணத்தை எவன் சரியாக எண்ணினான், தோழர்களே!

பிறகு, 1972-ல், ஊராரையே காவலராக்கும் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் வங்காள தேசத்தில் பிறந்தது. கூலியில்லாத் தொண்டர் படை. கையிலே கொடி, வாயிலே ஒலிபெருக்கி!

பலன்? 1991-ல் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். 2007-ல் சித்ர் புயலில் சுமார் 3,400. புயல்கள் ஒரே அளவின அல்ல, இறங்கிய கரையும் வேறு. ஆயினும் அத்தனையும் காற்றின் கருணையா?

ஆனால் கேட்கிறேன்: 1991-ல் ஆணைவிடப் பெண் ஏன் அதிகம் செத்தாள்? எச்சரிக்கை கடைத்தெருவில் நின்றவன் காதில் விழுந்தது. அடுப்படியில் இருந்தவளுக்கு எட்டவில்லை. எட்டியவளும் ஆடவர் நெரியும் புகலிடத்தில் ஒண்டக் கூசினாள். பசுவை விட்டு வரமாட்டேன் என்றவனும் உண்டு. மூடனா அவன்? அந்தப் பசுதானே அவன் சொத்து! மாடுகளுக்கென்றே மண்மேடுகள் எழுப்பியது அதற்காகத்தான். படையிலும் பெண்கள் பெருகி, இன்று சுமார் 76,000 தொண்டரில் பாதிப்பேர் அவர்களே.

திட்டத்தை அளக்க வரும் கனவான்கள் அலுவலக ஏட்டைப் புரட்டுவானேன்? கரையோரக் கடைசிக் குடிசைக் கிழவிக்குச் சேதி எத்தனை மணிக்கு வந்தது? அதைக் கேட்டு எழுதட்டும்!