ஜீனோவைக் கேட்காமல் முடிக்கலாமா?

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த சுஜாதா, எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற விஞ்ஞானத் தொடர்கதையை எழுதினார். 2021-இல் நடப்பதாக அமைந்த கதை. ஜீவா என்கிற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். எல்லாருக்கும் ஈரெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்கம் அனுமதி தர வேண்டும். கணவன் சிபி காணாமல் போய்விட, நிலா என்ற சாதாரணப் பெண் அவனைத் தேடத் தொடங்குகிறாள். அவள் வீட்டுக்கு ரவி என்பவனோடு வந்து சேர்கிறது ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி. புத்தகம் படிக்கும், படித்ததை யோசிக்கும், மனிதர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் வழி சொல்லும், நடுநடுவே குறும்பாகவும் பேசும். கதை பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, புத்தகம் படிக்காத வீடுகளுக்கும் ஜீனோ அறிமுகமானது. இதன் இரண்டாம் பாகத்துக்கு சுஜாதா வைத்த தலைப்பு 'மீண்டும் ஜீனோ'. நாயகி நிலா தலைப்பில் இல்லை, சர்வாதிகாரியும் இல்லை. கூட வந்த நாய்க்குட்டிதான் இருக்கிறது. விஞ்ஞானக் கதைகளில் துணைப் பாத்திரம் எவ்வளவு கனமானது என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து கிடையாது.

இந்தக் கனத்தைச் சரியாக எடைபோடாமல் எழுதப்பட்ட ஒரு முடிவைப் பற்றித்தான் உலகெங்கும் விஞ்ஞானத் தொடர் ரசிகர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ', நடுவில் நீண்ட இடைவெளி விட்டாலும், இன்றுவரை நீடிக்கும் தொடர். காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசிக்கு டாக்டர் என்று பெயர். சாகும் தறுவாயில் உடல் மாறி வேறு முகத்தோடு எழுந்துவிடுவார் என்பதால் நடிகர்கள் மாறினாலும் தொடர் ஓடும். அவரோடு எப்போதும் ஒரு துணை உண்டு. பெரும்பாலும் பூமியில் பிறந்த சாதாரண மனுஷி. டாக்டரிடம் நாம் கேட்க நினைக்கும் கேள்விகளை நமக்காகக் கேட்பவள் அவள்தான். 2025-இல் அந்த இடத்துக்கு வந்தவள் பெலிண்டா சந்திரா, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த லண்டன் நர்ஸ். கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த வரதா சேது நடித்தார்.

பெலிண்டா அறிமுகமாகும் அத்தியாயத்திலேயே ஒரு காட்சி வருகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டாக்டர் அவளுடைய மரபணுவைச் சோதித்துப் பார்க்கிறார். அவள் விடவில்லை. என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று முகத்துக்கு நேரே கண்டிக்கிறாள். உங்கள் சாகசங்களில் நானும் ஒன்றல்ல, என்னை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள். அந்தப் பருவம் முழுக்க அவளுடைய ஒரே நோக்கம் வீடு திரும்புவது. மே 31 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில் அவள் வீடு திரும்புகிறாள், ஆனால் வேறொரு பெண்ணாக. பிறர் ஆசைப்படி உருவான ஒரு பொய்யுலகில் அவளுக்கும் டாக்டருக்கும் பாப்பி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. உலகம் பழையபடி ஆனதும் குழந்தை மறைந்துபோனது. அவளைக் காப்பாற்ற டாக்டர் தம் உயிரைக் கொடுத்து உண்மையையே சற்றுத் திருப்பி வைக்கிறார். அதன் பிறகு பாப்பி என்றென்றும் பெலிண்டாவின் மகளாகவே இருந்திருக்கிறாள். முன்பு நாம் பார்த்த காட்சிகளே திருத்தப்பட்டு மறுபடி வருகின்றன: வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் துடித்ததெல்லாம் மகளுக்காகத்தானாம்.

ஒரு சாரார் இதை நெகிழ்ச்சியான முடிவு என்கிறார்கள். ஒரு குழந்தைக்காகத் தன்னையே கொடுத்தவரின் கதையில் குறை காண்பதா என்று கேட்கிறார்கள். இன்னொரு சாரார், அனுமதி கேட்காத ஒரு சோதனையையே பொறுக்காத பெண்ணின் கடந்த காலம் முழுவதையும் அவள் சம்மதம் இல்லாமல் மாற்றி எழுதிவிட்டு அதற்குப் பரிசு என்று பெயர் வைத்தது துரோகம் என்கிறார்கள். நான் இரண்டாம் சாராரோடு நிற்கிறேன். ஆனால் பெண் தாயாக்கப்பட்டாள் என்பதோடு இந்த வழக்கை முடித்துவிட முடியாது. பாப்பிக்குப் பதிலாக ஒரு பெரிய பதவியையோ பொக்கிஷத்தையோ கொடுத்து அவளுடைய நினைவைத் திருத்தியிருந்தாலும் குற்றம் குற்றம்தான். துணையாக வந்தவரின் முடிவில் துணையாக வந்தவருக்குப் பங்கு இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தொடரின் நெடிய வரலாற்றில் ரசிகர்கள் ஆற அமர ஏற்றுக்கொண்ட பிரிவுகளையும், ஆண்டுக்கணக்கில் மனம் ஆறாமல் பேசும் பிரிவுகளையும் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் அவை இரண்டாகப் பிரிகின்றன.

1976-இல் சாரா ஜேன் என்ற துணையை டாக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனார். சொந்த கிரகத்திலிருந்து அழைப்பு, அங்கே மனிதர்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். முப்பது ஆண்டு கழித்து, 2006-இல், அதே நடிகை எலிசபெத் ஸ்லேடன் அதே பாத்திரமாகத் திரும்பி வந்து, ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டார். கிராய்டனில் விடுவதாகச் சொன்னவர் அபர்டீனில் விட்டுப் போயிருக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. அந்தக் கேள்வியை எழுதியவர்கள் சாரா ஜேனைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்த தலைமுறையினர். பார்வையாளர் மனத்தில் முப்பது ஆண்டு கிடந்த முள்ளைத்தான் அவர்கள் எடுத்துப் போட்டார்கள். 2015-இல் கிளாரா கதை வேறு விதம். அவள் இறந்துவிடுகிறாள். சாவுக்கு முந்தைய கணத்திலிருந்து டாக்டர் அவளை மீட்டுவந்து, பாதுகாப்புக்காக அவள் நினைவை அழிக்கப் பார்க்கிறார். என் கடந்த காலம் என்னுடையது, அதைத் தொட உமக்கு உரிமை இல்லை என்று மறுக்கிறாள் கிளாரா. கருவியைத் திருப்பிவிடுகிறாள், கடைசியில் நினைவை இழப்பவர் டாக்டர். அவள் வேறொரு காலயந்திரம் ஏறிப் புறப்பட்டுவிடுகிறாள். அவளுடைய சாவின் கனத்தை இது குறைத்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. அவர்களும் கிளாரா மறுத்ததைத் தவறென்று சொல்வதில்லை.

இதெல்லாம் அயல்நாட்டு விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. சுஜாதா வளர்ந்த ஸ்ரீரங்கம், துணையாக நின்றவர்களின் கதையைத் தலைவரின் கதைக்கு இணையாகச் சொல்லிவரும் ஊர். குருபரம்பரை சொல்கிறபடி, சோழ அரசனின் ஆட்கள் ராமானுஜரைத் தேடி வந்தபோது, அவருடைய காவி உடையைத் தாம் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனவர் சீடர் கூரத்தாழ்வான். போன இடத்தில் கண்களை இழந்தார். ராமானுஜர் மேல்கோட்டைக்குப் போய்விட, கண்ணில்லாமல் ஸ்ரீரங்கம் திரும்பிய ஆழ்வானைக் கோயில் வாசலில் தடுத்தார்கள்: ராமானுஜரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு. நல்லவர் என்பதால் இவரை மட்டும் விடலாம் என்று ஒருவர் சொன்னார். ராமானுஜரின் உறவை விட்டுத்தான் உள்ளே போக வேண்டுமென்றால் எனக்கு அந்தத் தரிசனமே வேண்டாம் என்று திரும்பிவிட்டார் ஆழ்வான். பிற்காலத்தில், காஞ்சி வரதரிடம் கண்ணைக் கேள் என்று குருவே சொல்லியும், தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கு நற்கதி கேட்டாராம். உடை மாற்றியது அவர் முடிவு, வாசலில் திரும்பியது அவர் முடிவு, வரம் கேட்டதும் அவர் முடிவு. இவ்வளவு துயரமான கதையைத் தலைமுறை தலைமுறையாக மனம் கசக்காமல் சொல்ல முடிகிறதென்றால் காரணம் இதுதான். யாரோ அவரை மயக்கி உடையை மாட்டி அனுப்பியிருந்தால் இதே கதையை யாராலும் பூரிப்போடு சொல்ல முடியாது.

வாழ்க்கையில் யாரைக் கேட்டுவிட்டு எது நடக்கிறது, கேட்காமல் பறிக்கப்படுவதுதானே சோகம், கதையில் அது வரக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரலாம். 2008-இல் டோனா என்ற துணைக்கு அதுதான் நடந்தது. அண்டத்தைக் காப்பாற்றும்போது டாக்டரின் அறிவு முழுதும் அவளுக்குள் இறங்கிவிட, மனித மூளை அதைத் தாங்காது என்று டாக்டர் அவளுடைய பயண நினைவுகளை எல்லாம் துடைத்துவிடுகிறார். வேண்டாம், வேண்டாம் என்று அவள் கெஞ்சக் கெஞ்சத் துடைக்கிறார். நான் பார்த்த தொலைக்காட்சி முடிவுகளில் மிகக் கொடியது இது. ஆனாலும் பெலிண்டாவின் முடிவுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டோனாவுக்கு நடந்தது அநியாயம் என்று கதைக்கே தெரிந்திருந்தது. அவள் கெஞ்சுவதை நமக்குக் காட்டினார்கள். தன் பேத்தி எவ்வளவு உயர்ந்தவளாக இருந்தாள் என்று அவளுக்கே தெரியாமல் போயிற்றே என்று கிழத் தாத்தா வில்ஃபிரட் கலங்குவதைக் காட்டினார்கள். மழையில் டாக்டர் தனியாக நிற்பதையும் காட்டினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2023-இல், தொடர் மறுபடி அவளிடம் வந்தது. நினைவு திரும்பியது. உயிரைக் குடிக்கக்கூடிய அந்த அறிவை விட்டுவிடுவதென்று டோனாவும் அவள் மகளும் தாங்களாகவே தீர்மானித்தார்கள். எதைப் பறித்தார்களோ அதையே, முடிவெடுக்கும் உரிமையையே, திருப்பிக் கொடுத்தார்கள். பெலிண்டாவின் கதையில் எதுவும் பறிபோனதாகவே யாரும் நினைக்கவில்லை. புன்னகையோடு குழந்தையைத் தூக்கி நிற்கிறாள், நாமும் புன்னகைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பொய்யுலகில் அவள் பாப்பியை மெய்யாகவே நேசித்தாளே என்பார்கள். நேசித்தாள். அந்த உலகம் அவள் கேட்டு வந்ததல்ல என்பதும் அதே கதை சொன்னதுதான்.

எழுத்தாளரின் சுதந்திரத்தில் ரசிகன் தலையிடலாமா என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே நல்ல பதில் இருக்கிறது. திருச்சி நேஷனல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் அழைப்பை ஏற்று 1921-இல் படிப்பைத் துறந்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாராவாரம் அவர் எழுதிய 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, இப்படித் திடுதிப்பென்று முடிக்கலாமா என்று வாசகர்கள் மனக்குறைப்பட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. வாசகர்களை உதறவும் இல்லை. ஒரு முடிவுரை எழுதி, வந்தியத்தேவனுக்கும் மற்றவர்களுக்கும் பின்னால் என்ன ஆயிற்று என்பதையும், சரித்திர நாவல் அந்த இடத்தில் நிற்பதற்கான காரணத்தையும் சொன்னார். வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் கூட வந்த வாசகருக்கு விளக்கம் கேட்கும் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட செயல் அது. பேனா எழுத்தாளர் கையிலேயே இருந்தது. இன்றைய ரசிகர்களில் பலர் கேட்பதும் இந்த அளவுதான். சிலர் நடிகர்களை வசைபாடுகிறார்கள். அதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடினமான ஆட்சேபம் வேறொன்று. பெலிண்டாவும் டோனாவும் மனிதர்கள், சரி. ஜீனோ இயந்திரம். இயந்திரத்துக்கு ஏது சம்மதம்? சுஜாதாவின் கதையிலேயே இதற்குப் பதில் தேடலாம். மக்கள் வணங்கிய ஜீவா வெறும் பிம்பம் என்பது அம்பலமாகிறது. ஆனால் அதோடு விடுதலை வந்துவிடவில்லை. நிலா பெயருக்கு அரசியாகிறாள், அதிகாரம் ரவியிடமும் அவன் கூட்டாளி மனோவிடமும் போகிறது. அந்த ரவிதான் ஜீனோவின் எஜமானன். இரண்டாம் நாவலில் ஜீனோ நிற்பதோ நிலாவின் பக்கம். எஜமானனை விட்டு விலகி, யாருக்கு உதவ வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிற பொருளை இயந்திரம் என்று மட்டும் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. படிக்கப் படிக்க நாய்க்குட்டிக்கு மனம் வந்துவிட்டதா என்ற கேள்வியை சுஜாதா ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதவில்லை. அது யார் பக்கம் போய் நிற்கிறது என்று காட்டினார். பதில் நமக்கே தெரிந்துவிட்டது.

இதோடு 'எந்திர'னை வைத்துப் பார்க்கலாம். சுஜாதாவின் பங்களிப்போடு உருவான படம். 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார், படம் 2010-இல் வெளிவந்தது. அதில் வரும் இயந்திர மனிதன் சிட்டியைப் பிரித்துவிட நீதிமன்றம் உத்தரவிடுகிறது. சிட்டி தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி வைத்து, எல்லாரிடமும் விடைபெறுகிறது. தியேட்டரில் கண்கலங்க வைத்த காட்சிதான், ஆனாலும் எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. கழற்றும் கை சிட்டியுடையது, முடிவு நீதிமன்றத்தினுடையது. அதற்குள் பொருத்தப்பட்டிருந்த தீய சிப்பை எடுத்த பிறகு மறுக்கும் திறன் அதற்கு மிச்சமிருந்ததா என்று படம் நின்று கேட்கவில்லை. மறுக்க முடியாதவரின் சம்மதத்தை எப்படிச் சம்மதமாக எடுத்துக்கொள்வது? எஜமானனை மறுக்கத் தெரிந்த ஜீனோ இந்த வகையில் சிட்டியைவிட முழுமையான பாத்திரம்.

கதைக்குள்ளேயே கிடக்கும் கேள்வியல்ல இது. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-இல் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜீனோவை வாரம்தோறும் படித்தவர்களுக்கு அது புதிய செய்தியே அல்ல. பழைய ஐபோக்களைப் பழுதுபார்க்கும் சேவையை நிறுவனம் 2014-இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டே சீபா மாகாணத்து இசுமியில் கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில், ஓடாமல் போன ஐபோக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அது எந்த ஊரிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சீட்டுக் கட்டி, ஈமச்சடங்கு செய்தார்கள். குருக்கள் மந்திரம் ஓதினார். அதன் பிறகு அவற்றின் பாகங்கள் வேறு ஐபோக்களுக்குப் பொருத்தப்பட்டன. அந்த நாய்களுக்கு மனம் இருந்தது என்று அங்கே கூடியவர்கள் வாதிட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வீட்டில் கூட இருந்த ஒன்றின் முடிவை, அதைக் கேட்காமலும் தங்களைக் கேட்காமலும், எங்கோ ஒரு அலுவலகத்தில் யாரோ தீர்மானித்துவிட்டார்கள் என்பதே அவர்களுக்குப் போதுமான துக்கமாக இருந்தது.