தூர்வாரிய வண்டல் கடலடியில் படியும் முறை

பெரிய கப்பல்கள் துறைமுகத்திற்குள் வந்து செல்ல வேண்டுமாயின், கப்பல் வழியின் ஆழம் குறையாதிருத்தல் இன்றியமையாதது. ஆறுகளும் கடல் நீரோட்டங்களும் கொணரும் வண்டல் அவ்வழியை ஓயாது தூர்த்து வருகின்றது. மும்பை, கொச்சி முதலிய துறைமுகங்களில் தூர்வாரும் கப்பல்கள் இவ்வண்டலை அள்ளிச் சென்று கடலில் கொட்டுகின்றன. கொட்டிய வண்டல் மீண்டும் கப்பல் வழிக்கே திரும்புமாயின், செய்த செலவு வீணாகும்.

கப்பலின் அடிக்கதவுகள் திறந்ததும் வண்டல் மூன்று நிலைகளைக் கடக்கின்றது. முதலில், நீரினும் கனமான சேற்றுத் திரள் ஒரே மொத்தையாக விரைந்து இறங்குகின்றது. அடுத்து, அது கடலடியில் மோதி நாற்புறமும் தாழ்வாகப் பரவுகின்றது. ஆழம் குறைந்த கடலில் இவ்விரண்டும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இறங்கும்போது பிரிந்த நுண்துகள்கள் மட்டும் நீரோட்டத்தோடு மிதந்து செல்லுதல் மூன்றாம் நிலையாகும்.

தனித்த துகள் இறங்கும் வேகம் அதன் பருமனைப் பொறுத்தது. அசையாத நன்னீரில் 10 மீட்டர் இறங்க, 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணலுக்குச் சுமார் 8 நிமிடம் போதும்; 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஏறக்குறைய 8 மணி நேரம் வேண்டும், 0.002 மில்லிமீட்டர் களிமண்ணுக்கோ ஒரு மாதம் ஆகும். நுண்துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், வேகம் நூற்றில் ஒரு பங்காகும் என்பது ஸ்டோக்ஸ் விதி.

ஆயினும் கடலில் களிமண் அவ்வளவு காலம் மிதப்பதில்லை. உப்பு நீரில் அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருந்துகள்களாகி விரைவில் படிகின்றன. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் உப்பைக் கரைத்து, இரண்டிலும் சம அளவு களிமண்ணைக் கலக்குக. உப்பு நீர் முந்தித் தெளியும்.

படிந்தது அங்கேயே நிலைபெறும் என்று கொள்ளலாகாது. பருவக்காற்றுக் கால அலைகள் அதனை மீண்டும் கிளப்பக்கூடும். இதனை அறிய, பம்பாய்த் துறைமுகத்தில் 1950களின் இறுதியில் தொடங்கி, ஸ்காண்டியம்-46 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு பயன்படுத்தப்பட்டது. அதனைக் கண்ணாடியிற் சேர்த்து வண்டலின் பருமனுக்குப் பொடித்துக் கடலடியில் இடுவர். பின்னர்ப் படகிலிருந்து இறக்கிய கருவியால் அது செல்லும் திசையை அறிவர். அதன் கதிரியக்கம் சுமார் 84 நாட்களில் பாதியாகக் குறைவதால், பல மாதங்கள் தொடர்ந்து அளக்க இயலும்.

எனவே கொட்டுமிடத்தைத் தெரிவு செய்யுமுன் துகளின் பருமன், நீரோட்டத்தின் திசை, பருவம் ஆகிய மூன்றையும் அளந்தறிதல் வேண்டும். பவளப் பாறைகளும் மீன்கள் முட்டையிடும் இடங்களும் அருகிலிருப்பின், படியும் சேறு அவற்றை மூடிவிடும். அதன் இழப்பு மீனவரையே சாரும்.