பொதுத்தீர்வை ஓவியமும் திரெந்துச் சங்கமும்

வத்திக்கானிலுள்ள சிஸ்தைன் சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய பொதுத்தீர்வை ஓவியம் உலகின் தலைசிறந்த ஓவியங்களுள் ஒன்றென்பதைப் பெரும்பாலோர் உடன்படுவர். எனினும், எச்சமயத்தின் பொருட்டு அது எழுந்ததோ அச்சமயத் தலைவர்களாலேயே கால் நூற்றாண்டுக்குள் அதன் சில பகுதிகள் மறைக்கப்பட்டன. மறைக்கப்பட்டவற்றுள் எவை மீண்டன, எவை மீளாதொழிந்தன என்பதை அறிதற்குச் சமய வரலாறு மட்டும் போதாது. சுண்ணச்சாந்தின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

சுவரோவியம் இருவகைத்து. ஈரச்சாந்தின்மீது நீரிற் கரைத்த வண்ணங்கொண்டு எழுதுவது ஒன்று. இதனை இத்தாலியர் பிரெஸ்கோ என்பர். உலர்ந்த சாந்தின்மீது பசையோ முட்டையோ எண்ணெயோ கலந்த வண்ணங்கொண்டு எழுதுவது மற்றொன்று. அது செக்கோ எனப்படும். நீற்றிய சுண்ணாம்பு கல்சியமைதரொட்சைட்டாகும். அது உலருங்கால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியங் காபனேற்றாக, அஃதாவது மீண்டும் சுண்ணக்கல்லாக மாறுகின்றது. அப்பொழுது அதன்மீதிட்ட வண்ணத்துகள்கள் பளிங்குப் படலத்துட் சிறைப்படுகின்றன. எனவே ஈரச்சாந்தில் எழுதிய ஓவியம் சுவரின் மேலிருப்பதன்று, சுவராகவே இருப்பது. உலர்சாந்தில் எழுதியதோ சுவர்மீது போர்த்த ஆடை போன்றது. லெயொனார்டோ டா வின்சி மிலான் நகரில் 1490களில் எழுதிய இறுதி இராப்போசனம் இரண்டாம் வகையினது. அரை நூற்றாண்டு கழிவதற்குள்ளேயே அது உதிர்ந்து மங்கிவிட்டது.

பிரெஸ்கோவிலுள்ள இடர்ப்பாடு காலத்தைப் பற்றியது. சாந்து இறுகுமுன் எழுதி முடித்தல் வேண்டும். ஆதலின் ஒரு நாளில் எழுதத்தக்க அளவுக்கே சாந்து பூசப்படும். பிழை நேரின் அப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மீண்டும் பூசுவதன்றி வேறு வழியில்லை. பொதுத்தீர்வை ஓவியத்தில் இத்தகைய ஒருநாட் பகுதிகள் ஏறத்தாழ 450 உள. எழுதி முடித்தபொழுது ஓவியருக்கு வயது 66. சாரத்தினின்றும் வீழ்ந்து காலிற் காயமுற்றதும் அப்பணியின்போதே. செபாஸ்தியானோ டெல் பியொம்போ என்னும் நண்பர் எண்ணெய் வண்ணத்துக்கேற்பச் சுவரைச் செம்மைப்படுத்தி வைத்திருந்தார். அப்பூச்சு முழுவதையும் மைக்கேலாஞ்சலோ அகற்றுவித்தார். அத்துடன் அவர்தம் நட்பும் முறிந்தது. எளிய வழியை மறுத்த இப்பிடிவாதமே பிற்காலத்தில் ஓவியத்தைக் காத்தது எனலாம். அச்சுவரில் முன்னரிருந்த பெருஜீனோவின் ஓவியங்களும், மைக்கேலாஞ்சலோ தாமே இளமையில் வரைந்த இரு பிறைவடிவப் பகுதிகளும் இவ்வோவியத்துக்கு இடந்தந்து அழிந்தன என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

இனி, காலச்சூழலை நோக்குவோம். லூதர் 1517இல் எழுப்பிய சமயப் போராட்டம் வடபுல ஐரோப்பாவைத் திருச்சபையினின்றும் பிரித்துக்கொண்டிருந்தது. சூரிச்சு, பாசெல் முதலிய நகரங்களில் ஆலயப் படிமங்கள் அகற்றப்பட்டன, தகர்க்கவும்பட்டன. 1527இல் பேரரசன் ஐந்தாம் சார்ள்சின் படைகள் றோமாபுரியைச் சூறையாடின. அக்கொடுமையைக் கண்ட பாப்பரசர் ஏழாம் கிளெமென்டே இவ்வோவியத்தைப் பணித்தவர். 1534இல் அவர் இறக்கவே, அடுத்துவந்த மூன்றாம் பவுல் பணியைத் தொடர்வித்தார். பழைய தீர்வை ஓவியங்களில் விண்ணோர் வரிசை வரிசையாக அமைந்திருப்பர். இவ்வோவியத்திலோ தாடியற்ற இளங்கிறிஸ்து கையுயர்த்த, முந்நூற்றுக்கு மேற்பட்ட உடல்கள் எழுவனவும் வீழ்வனவுமாகச் சுழல்கின்றன. அவற்றுட் பல ஆடையற்றவை. தோலுரித்துக் கொல்லப்பட்ட புனித பர்த்தொலொமேயு ஏந்திய தோலிற் காணும் முகம் ஓவியரின் முகமே என லா காவா என்னும் இத்தாலிய மருத்துவர் 1925இல் எடுத்துக்காட்டினார்.

எதிர்ப்பு ஓவியம் முடியுமுன்னரே தோன்றியது. சடங்கு அதிகாரியாகிய பியாஜோ டா செசேனா, இது நீராடு சாலைக்கும் மதுக்கடைக்கும் ஏற்றதேயன்றி ஆலயத்துக்கு ஏற்றதன்று எனப் பாப்பரசரிடம் கூறினாராம். ஓவியர் அவர் முகத்தையே நரகின் நடுவன் மீனோசுக்கு வைத்து, கழுதைக் காதுகளும் பொருத்தி, உடலைப் பாம்பொன்று சுற்றும்படி எழுதிவிட்டார் என வசாரி உரைப்பர். பியேத்ரோ அரெத்தீனோ 1545இல் கடுங்கண்டனக் கடிதம் விடுத்தார். நாணமற்ற செய்யுள்களாற் பெயர்பெற்ற அவர் நாணத்தின் காவலராக எழுந்தமை வியப்பே. மைக்கேலாஞ்சலோவிடம் வரைபடங்கள் கேட்டுப் பெறாது ஏமாந்தவர் அவர் என்பதை அறிந்தார்க்கு அவ்வியப்பும் குறையும்.

பியாஜோவின் குறைகூறலை நகையாடிக் கழிக்கலாம். ஜில்லியோ என்னும் குருவானவர் 1564இல் வெளியிட்ட உரையாடல் நூலின் குறைகூறலை அவ்வாறு கழித்தல் இயலாது. வானதூதர்க்குச் சிறகில்லை, உலகின் நான்கு திசையினும் நின்று எக்காளம் ஊதவேண்டியவர் ஓரிடத்தே குழுமி நிற்கின்றனர், காற்றடங்கியிருக்கவேண்டிய நாளில் ஆடைகள் பறக்கின்றன, புறச்சமயக் கதையிலுள்ள காரோன் படகோட்டுகின்றான் என அவர் அடுக்கினார். ஓவியம் கல்லாதார்க்கு வேதநூலாக அமைவதாயின், கலைத்திறனைக் காட்டும்பொருட்டு வேதத்தைத் திரிக்கலாமா என்பதே அவர் வினா. அது நேர்மையான வினாவே.

இதற்குள் திரெந்து நகர்ப் பொதுச்சங்கம் 1563 டிசெம்பரிற் கூடிய தன் இறுதி அமர்வில் படிமங்களைப் பற்றி விதி செய்தது. படிமங்கள் ஆலயங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுக்குச் செய்யும் வணக்கம் அவை குறிக்கும் மூலத்தையே சென்றடைகின்றது. எனினும் காமத்தைத் தூண்டும் அழகு விலக்கப்படல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். படிமத்தை உடைப்போர்க்கு விடை கூறப் புகுந்த சங்கம் படிமம் செய்வோர்க்கும் வரம்பிட நேர்ந்தது. அடுத்த மாதமே பொதுத்தீர்வையின் தகாப் பகுதிகளை மறைக்குமாறு ஆணை பிறந்தது. 1564 பெப்ரவரி 18இல் மைக்கேலாஞ்சலோ இறந்தார்.

மறைக்கும் பணி 1565இல் டானியேலே டா வொல்தெர்ராவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மைக்கேலாஞ்சலோவின் அன்பர்; ஆசானின் இறுதி வேளையில் உடனிருந்தவர்; அவர்தம் தலையுருவை வெண்கலத்தில் வார்த்தவர். காற்சட்டை தைப்பவன் என உலகம் அவருக்குச் சூட்டிய ஏளனப் பெயர் இன்றுவரை நிலைத்துள்ளது. இது நீதியாகாது. முழுச்சுவரும் இடிபடும் இடரிருந்த காலத்தில் சில துணிகளைச் சேர்த்து எஞ்சியவற்றைக் காத்தவர் அவர். பெரும்பாலான துணிகளை உலர்சாந்து முறையிலேயே தீட்டினார். அவை மூலத்தை அழியாது மூடின. புனித கதரீன், புனித பிளேசியு ஆகிய இருவர்திறத்து மட்டும் அது போதாதெனக் கருதப்பட்டது. ஆடையின்றிக் குனிந்த கதரீனும் அவளை நோக்கிப் பின்னே சாய்ந்த பிளேசியுவும் பெரும் பழிப்புக்கு இலக்காயினர். அப்பகுதியை உளியாற் செதுக்கியெடுத்து, புதுச்சாந்து பூசி, கதரீனுக்குப் பச்சையாடை உடுத்தி, பிளேசியுவின் தலையைக் கிறிஸ்துவை நோக்கித் திருப்பினார்.

எட்டாண்டு கழித்து நிகழ்ந்தது சுவையானது. வெனிஸ் நகரில் பாவொலோ வெரொனேசே தீட்டிய இராப்போசனத்தில் கோமாளியும் நாயும் ஜேர்மனியப் போர்வீரரும் இடம்பெற்றமை பற்றி 1573 யூலையில் சமயவிசாரணை மன்றம் அவரை வினாவியது. ஓவியர் தமக்குத் துணையாக மைக்கேலாஞ்சலோவின் ஆடையற்ற உருவங்களைச் சுட்டினார். தீர்வை நாளில் ஆடையை எதிர்பார்த்தலாகாது, அங்குள்ளன யாவும் ஆவிக்குரியனவே, கோமாளியும் நாயும் அங்கில்லை என விசாரணையாளர் விடையிறுத்தார். றோமாபுரியிற் குற்றமெனக் கண்டது வெனிசிற் குற்றமன்றாயிற்று. மூன்று மாதத்துள் படத்தைத் திருத்துக எனப் பணிக்கப்பட்ட வெரொனேசே அதன் பெயரை ‘லேவி வீட்டு விருந்து’ என மாற்றியமைத்தார். கோமாளி இன்றும் அப்படத்தில் உளன்.

பிற்காலத்தாரும் துணிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தனர். 1990 முதல் 1994 வரை நடந்த துப்புரவுப் பணியில் மெழுகுதிரிப் புகையும் பழம்பசையும் நீக்கப்பட, ஆப்கானித்தானத்து நீலக்கல்லை அரைத்தெடுத்த வான்நீலம் வெளிப்பட்டது. பிற்காலத்தார் சேர்த்த துணிகள் களையப்பட்டன. டானியேலேயின் துணிகள் திரெந்துச் சங்கத்தின் வரலாற்றுச் சான்றாக விடப்பட்டன. இம்முடிவு சரியானதே. உலர்சாந்திற் போர்த்தவை போர்த்தவாறே நீங்கின. ஈரச்சாந்தில் உறைந்தவை உறைந்தவாறே நின்றன. செதுக்கியெடுத்த கதரீனையும் பிளேசியுவையும் எந்த வல்லுநராலும் மீட்டல் இயலாது. அவர்களைக் காண விழைவார் நேப்பிள்ஸ் நகரின் கப்போதிமொந்தே அரும்பொருட்சாலைக்குச் செல்லல் வேண்டும். அங்கே, மறைப்பதற்குப் பதினாறாண்டு முன்பு, 1549இல், மார்செல்லோ வெனூஸ்தி கர்தினால் பர்னேசேக்காகப் பார்த்தெழுதிய சிறுபடியில் அவ்விருவரும் பழைய நிலையிலேயே இருக்கின்றனர்.